கேரளாவுல மத்தி கிலோ 400: எல்லாத்துக்கும் சுருக்குமடிதான் காரணமா?

கேள்வி (நாகர்கோவில் வாசகர்), 16 ஜூன் 2024

திருவனந்தபுரத்துல மத்தி கிலோ 400 சொல்றான். நாங்க சாளைன்னு சொல்ற அதே மீனுதான், எங்க தாத்தா காலத்துல மிஞ்சினத தென்னைக்கு உரமா போட்ட மீனு. இத அழிச்சது மீன் கூட்டத்த வளைச்சு அடிய சுருக்கி மொத்தமா அள்ற அந்த சுருக்குமடி வலைதான், அத ஒழிச்சா ரெண்டு வருஷத்துல திரும்ப வந்துரும்னு நான் சொல்லுதேன். இல்லன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

17 ஜூன் 2024

இல்லன்னு நான் சொல்றேன் தம்பி. காரணமும் சொல்றேன்.

2009லேர்ந்து 2016 வரைக்கும் கடலூர் துறைமுகத்துல ஒரு ஏஜென்ட்கிட்ட எடை எழுதுற வேல பாத்தேன். எங்க வேலையே மத்திய பாக்ஸ்ல ஐஸ் போட்டு கேரளாவுக்கு லாரி ஏத்தறதுதான். அங்க மீன் கம்மியாக கம்மியாக இங்க லோடு கூடிச்சு. என் கையால எழுதின நோட்டு இன்னும் வீட்ல கெடக்கு, நம்ம பக்கம் மத்தி கொறஞ்ச மாதிரி அதுல ஒரு அடையாளமும் கெடையாது. ரெண்டு பக்கமும் அதே வலைதான. வலைதான் அழிக்குதுன்னா இங்க மட்டும் எப்படி கொட்டும்?

இன்னொண்ணு, 1940கள்ல மலபார் கரையில மத்தி சுத்தமா காணாம போயிருக்கு. அப்ப ஏது சுருக்குமடி, ஏது எஞ்சின்? மெட்ராஸ் சர்க்கார் பயந்து 1943ல குஞ்சு மீனும் சினை மீனும் பிடிக்க கட்டுப்பாடு போட்டுச்சு. மத்திக்கொல்லின்னே ஒரு வலை இருந்துருக்கு, பேரப் பாருங்க, அதுக்கும் சேத்துதான் தடை. கொஞ்ச வருஷத்துல மீன் தானா திரும்பிச்சு, கட்டுப்பாட்டையும் எடுத்துட்டாங்க. 1994லயும் இதே மாதிரி விழுந்து எழுந்துச்சு. 2012ல கேரளாவுல மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி, 2021ல வெறும் 3,297 டன். கொச்சியில இருக்கற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கு இது. நூறு மீன் இருந்த எடத்துல ஒண்ணுகூட இல்லன்ற மாதிரி. வலையால மட்டும் இவ்ளோ வேகமா ஒரு மீன கீழ எறக்க முடியாது, இது கடலோட வேல.

17 ஜூன் 2024, ராத்திரி

சாளையா மத்தியான்னு ரெண்டு பேர் சண்ட போட்டுட்டு இருக்கீங்க. தூத்துக்குடி பக்கம் பேச்சாளைம்பாங்க. எங்க பக்கத்துல மத்தின்னும் சொல்லுவோம், பொதுவா கவலைன்னும் சொல்லுவோம். கவலைல நாலஞ்சு ஜாதி இருக்கு, அதுல எண்ணெய் கட்டறது இது ஒண்ணுதான். எங்க அம்மா மீன் கூடைய எறக்கி வெச்சுட்டு "இன்னிக்கு கவலை மட்டுந்தான் இருக்கு"ன்னு சொன்னா, அக்ரகாரத்து பக்கத்துலேர்ந்து புதுசா குடிவந்தவங்க "ஏம்மா, என்னா கஷ்டம்?"னு விசாரிப்பாங்களாம்.

19 ஜூன் 2024

கடல்னா கடல்ல என்னான்னு கேட்டா நியாயம், சொல்றேன்.

மத்தி ரெண்டு ரெண்டர வருஷம் வாழற மீன், அவ்ளோதான் ஆயுசு. ஒரு வருஷத்துல முக்கால் சாண் கிட்டக்க வந்துடும், அப்பவே சினை புடிச்சுடும். மேற்குக் கரையில தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கறப்ப மேல் தண்ணிய காத்து தள்ளிட்டுப் போக, கீழ கெடக்கற குளுந்த தண்ணி சத்தோட மேல ஏறி வரும். அதுல கண்ணுக்குத் தெரியாத பாசி பொங்கும், மத்தி அததான் தின்னும். சரியா அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான் முட்டை போடும், அந்தக் குஞ்சு ஆவணி புரட்டாசிக்கு கரையோரமா வந்து சேரும். ஆக ஒரே ஒரு மழ சொதப்பினாலும் அந்த வருஷத்துக் குஞ்சு போச்சு. ஆயுசே ரெண்டு வருஷம்ங்கறதால அடுத்த வருஷ மீனும் போச்சு. வஞ்சிரம் மாதிரி நாலஞ்சு வருஷக் கூட்டம் கைவசம் இருக்கற மீன் இல்ல இது. 2015ல எல் நினோ வந்து கடல் சூடாச்சு, கேரளாவுல மத்தி படுத்ததும் அந்த சமயந்தான்.

எண்ணெய் கட்டின மத்தின்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு: நல்ல சீசன் மீன தோசக்கல்லுல எண்ணெய் ஊத்தாமயே போடலாம். அதுவே எண்ணெய் விட்டு அதுலயே பொரியும். அடுத்த நாள் தலகாணிவரைக்கும் வாசம் இருக்கும், அது வேற விஷயம்.

23 ஜூன் 2024

"இங்கேருந்து போற மத்தி ருசி இல்ல, ஐஸ்ல நாள்பட்டது"ன்னு ஒரு மலையாள நண்பர் எழுதியிருக்காரு. கோவம் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா அவர் சொல்றதுல பாதி உண்மை.

மத்திக்கு வயிறு ரொம்ப மெல்லிசு. நெறைய தின்னுட்டு இருக்கறப்ப பிடிச்சா, செத்த ஒடனே உள்ள இருக்கற செரிமான ரசம் வயித்துச் சதையவே அரிக்க ஆரம்பிச்சுடும். வலையிலேர்ந்து எடுத்து ரெண்டு மணி நேரம் வெயில்ல விட்டா வயிறு வெடிச்சு கொடல் வெளிய வந்துடும். நாங்க பாக்ஸ்ல அடியில ஐஸ், நடுவுல ஐஸ், மேல ஐஸ்னு மூணு அடுக்கு போடுவோம். மெஷின்ல ஒடைக்கற ஐஸ் பொடியா இருக்கணும், கட்டியா இருந்தா மீன குத்தி அதனாலயும் வயிறு கிழியும்.

2013ல, மாசம் மறந்துபோச்சு, ஒரு லோடு சங்ககிரி தாண்டி பெல்ட் அறுந்து நின்னுடுச்சு. ஞாயித்துக்கெழம, மெக்கானிக் இல்ல. நான் கூட போயிருந்தேன். மதியம் மூணு மணிக்கு தார்ப்பாய்க்கு அடியிலேர்ந்து செவப்புத் தண்ணி ரோட்ல ஒழுக ஆரம்பிச்சுது, டிரைவர் அண்ணன் ஒரு பாக்ஸ் தொறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம மூடிட்டாரு. அவர் மூடின விதத்துலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாலக்காடு போனப்ப ராத்திரி ஒம்பது. வாங்கறவர் ஒரு மீன எடுத்து வயித்த கட்டவெரலால லேசா அமுக்கினாரு, வெரல் உள்ள போயிடுச்சு. எறக்க மாட்டேன்னுட்டாரு. அப்படியே தீவனத்துக்கு போச்சு, டீசல் காசுகூட வரல.

ருசிக்கு ஐஸ் மட்டும் காரணம் இல்ல அண்ணே. இந்தப் பக்கத்து மத்தியில அந்தக் கொழுப்பு கம்மி, நானே ஒத்துக்கறேன்.

24 ஜூன் 2024

"கேரளா மீன்தான் உங்க பக்கம் ஓடி வந்துடுச்சு"ங்கறவங்களுக்கு: துறைமுகத்துல நாங்களும் அப்படித்தான் பேசுவோம். ஆனா 1990கள்லயே கெழக்குக் கரையில மத்தி நல்லா ஏறிடுச்சு. 2012ல கேரளா உச்சத்துல இருந்த அதே நேரத்துலதான் இங்கயும் கொட்டுச்சு. அங்கேர்ந்து ஓடி வந்த மீன்னா அங்க கொறஞ்சிருக்கணும்ல.

2 ஜூலை 2024

சுருக்குமடிய பாக்காமலே திட்றவங்க நெறைய பேர் இருக்காங்க, நான் கூட போயிருக்கேன், ஒரே ஒரு தடவ, மச்சான் பங்கு வெச்சிருந்த செட்டுல. நாப்பது பேர் போறது, ரெண்டு மூணு படகு. விடியறதுக்கு முன்னாடி போனா ஒருத்தர் மேல நின்னு தண்ணியவே பாத்துட்டு இருப்பாரு. அவர் கண்ணுக்குத்தான் காசு. ஒரு எடத்துல தண்ணி கறுத்துக் கெடந்துச்சு, அதுக்கு மேல மழ தூறுற மாதிரி பொட்டு பொட்டா துடிச்சுது, மழ இல்ல. அதுதான் கூட்டம். அவர் கைய காட்டினதும் படகு வட்டம் அடிக்குது, வலை சரசரன்னு எறங்குது, மேல மிதவை, கீழ ஈயம், அடியில வரிசையா பித்தள வளையம். வட்டம் சேந்ததும் வளையத்துக்குள்ள ஓடற கயித்த இழுத்தா அடி சுருங்கி மூடிக்கும், சுருக்குப்பை மாதிரியேதான். எங்க பாட்டி இடுப்புல இருந்த பைக்குள்ள வெத்தல பாக்கு, இதுக்குள்ள பத்து டன்னு.

அப்புறம் வலைய சுருக்கிக்கிட்டே வர்றப்ப மீன் பூரா மேல ஏறி வரும். அந்த சத்தம் இருக்கே, ஆயிரம் பேர் ஈரத்துணிய கல்லுல அடிக்கற மாதிரி. கையெல்லாம் செதில், வாயிலயும் செதில், மூணு நாள் குளிச்சாலும் முழங்கையில ஒண்ணு ரெண்டு மின்னும்.

சரி, சட்டம். தமிழ்நாட்டுல 2000லயே இதுக்கு தடை போட்டாச்சு. அப்புறம் சுனாமிக்குப் பின்னாடிதான் கடலூர், நாகை பக்கம் நெறைய ஊர்ல இது வந்துச்சு. தடை இருக்கறப்பவே கடன் வாங்கி வாங்கினாங்க, யாரும் தடுக்கல. வலை, படகு எல்லாம் சேத்து ஒரு செட்டு அரை கோடிக்கு மேல நிக்கும். 2020க்கு அப்புறம் திடீர்னு பிடிக்காதன்னா அவன் எங்க போவான்? இன்னொரு பக்கம், ஃபைபர் போட்ல சின்ன வலை வெச்சு போறவன், "ஒருத்தன் மொத்தமா வழிச்சுட்டுப் போனா எனக்கு என்னா மிச்சம்"னு கேக்கறான். ஒரே ஜாதி, ஒரே கடல், பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊருங்க, நடுக்கடல்ல அடிச்சுக்கிட்டாங்க.

2023 ஜனவரி 24ல உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு குடுத்துச்சு: 12 கடல் மைலுக்கு அப்பால பிடிக்கலாம், திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் மட்டும், காலைல 8 மணிலேர்ந்து சாயந்தரம் 6 மணிக்குள்ள. மத்தி கரையோர மீன். பன்னெண்டு மைலுன்னா 22 கிலோமீட்டர், எங்க பக்கத்துல அதுக்குள்ள கடல் ஆழமாயிடும், அங்க போய் மத்தியத் தேடறது மாட்டுத் தொழுவத்துல ஆட்டுக்குட்டி தேடற மாதிரி. சூரை கெடைக்கும், மத்தி எப்பவாவது. அதனால உத்தரவ மதிச்சா மீன் இல்ல, மீன் வேணும்னா உத்தரவு இல்ல.

3 ஜூலை 2024

மேல பத்து டன்னுன்னு எழுதிட்டேன். மச்சான் போன் பண்ணி சிரிக்கறான், அன்னிக்கு வந்தது ஆறு டன்னுக்கு கிட்டக்கதானாம். பத்துங்கறது நான் கல்யாணத்துல எல்லார்கிட்டயும் சொன்ன கணக்கு.

28 ஜூலை 2024

நாகர்கோவில் தம்பி ஒரு கேள்வி கேட்டுட்டு போனாரு, ஒரு மாசமா மண்டையில ஓடுது. "அண்ணே, கேரளாவுல ட்ராலிங் (இழுவலை) தடை ஜூன் ஜூலைல, மத்தி முட்டை போடறதும் ஜூன் ஜூலைல, அப்ப அந்த 400 ரூபா மீன் எங்கேர்ந்து வந்துச்சு?"

அங்க அந்த 52 நாள் தடை விசைப்படகுக்குத்தான். பாரம்பரிய வள்ளத்துக்கு கெடையாது. பாரம்பரியம்னா ஓலைத் தொப்பி போட்டு துடுப்பு வலிக்கறதுன்னு நெனைக்காதீங்க. 1980கள் நடுவுல ரிங் சீன்ங்கற வலை வந்ததுக்கு அப்புறம் அந்த வள்ளம் 20 மீட்டருக்கு மேல வளந்து, உள்ள பெரிய எஞ்சின் வெச்சு, கிலோமீட்டர் கணக்குல வலையோட நாப்பது அம்பது பேரோட போகுது. அதுவும் சுருக்குமடியோட தம்பிதான். முட்டை போட வர்ற மீன தடை காலத்துலயே அது பிடிக்குது. எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் முதல் நாள் எழுதறப்ப இத சேக்கல.

இப்பவும் கடல்தான் காரணம்னு சொல்றேன், ஆனா குரல் கொஞ்சம் எறங்கிப்போச்சு.

29 ஜூலை 2024

இல்ல, நேத்து எழுதின அந்தக் கடைசி வரிய எடுத்துட்டு எழுதலாம்னு பாத்தேன், கெடக்கட்டும்.

15 செப்டம்பர் 2024

நேத்து கொச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு போயிருந்தேன், பழைய வாங்கற ஆள ஒருத்தர பாக்கப் போய் மார்க்கெட்டுக்கும் போனேன். ஜூன்ல 400 வித்த மாநிலத்துல இப்ப மத்தி குவிஞ்சு கெடக்கு, ஆனா பொடிசு. எல்லாம் பொடிசு. கேரளாவுல 10 சென்டிமீட்டருக்குக் கீழ மத்தி பிடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அளக்க ஸ்கேல் இல்ல, பாக்கெட்ல புது பத்து ரூபா நோட்டு இருந்துச்சு, அதோட நீளம் 12.3 சென்டிமீட்டர். ஒரு மீன எடுத்து நோட்டு மேல வெச்சேன். நோட்டோட ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு நோட்டு முடியறதுக்கு ரெண்டு வெரல் முன்னாடியே வால் முடிஞ்சுபோச்சு. விக்கற அம்மா "எந்தா சேட்டா, மீனுக்கு பைசா கொடுக்குன்னோ?"ன்னு கேட்டு சிரிச்சாங்க.

சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் ரயில்ல கணக்குப் போட்டேன். பத்து சென்டிமீட்டர் மத்தி ஒண்ணு பத்து கிராம் இருக்கும், கிலோவுக்கு நூறு. அதுவே 16, 17 வளந்தா ஒண்ணு நாப்பது கிராமுக்கு மேல. அதே நூறு மீன் நாலு கிலோவுக்கு மேல. கடல்ல பாதி செத்தாலும், சூரை தின்னாலும், ரெண்டு கிலோ மிச்சம், அதுவும் பெரிய மீன் ரேட்டுக்கு. முப்பது ரூபாய்க்கு விக்கறத ஆறு மாசம் பொறுத்தா... ஆனா பொறுக்கறது யாரு? நான் விட்டா நீ பிடிப்ப. கடல்ல வேலி கெடையாது.

16 செப்டம்பர் 2024

"பொடிச யார் திங்கறா"ன்னு கேட்டவருக்கு: மனுஷன் கொஞ்சந்தான். மிச்சம் மீன் தூள் கம்பெனிக்கு. வேகவெச்சு, பிழிஞ்சு, எண்ணெய தனியா எடுத்து, சக்கைய ஒலத்தி அரைச்சா இறால் பண்ணைக்கும் கோழிக்கும் தீவனம். ஒரு கிலோ தூளுக்கு நாலு அஞ்சு கிலோ மீன் வேணும். இதுவும் புதுசு இல்ல. வெள்ளக்காரன் காலத்துல நிக்கல்சன்னு ஒரு அதிகாரி, 1908 வாக்குல தானூர்ல பரிசோதனை நெலையம் வெச்சு மலபார்காரங்களுக்கு மத்தி எண்ணெய் எடுக்கவும் சக்கைய உரமாக்கவும் கத்துக் குடுத்தாரு. அந்த உரம் இலங்கை தோட்டத்துக்கெல்லாம் கப்பல்ல போச்சு. எண்ணெய மரப்படகுக்குப் பூசுவாங்க.

எங்க ஏஜென்டும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினாரு, பேரு வேணாம். ஒவ்வொரு லோடுக்கும் "தண்ணி எடை"ன்னு நூத்துக்கு பன்னெண்டு கிலோ கழிப்பான். மீன்ல தண்ணி இல்லாம என்னா இருக்கும்? கேட்டா, இஷ்டம் இருந்தா எறக்கு, இல்லன்னா திருப்பிட்டுப் போன்னுவான். எண்பது கிலோமீட்டர் நாறிட்டு வந்த லாரிய யார் திருப்புவா.

24 நவம்பர் 2024

திருச்சூர் பக்கம் கரையில மத்தி தானா வந்து ஒதுங்குதுன்னு எல்லாரும் அதே வீடியோவ அனுப்பறீங்க, போதும். சேலை முந்தானைல அள்றாங்க, ஹெல்மெட்ல அள்றாங்க. 2021ல மூவாயிரம் டன்னுக்குப் போன மீன் மூணு வருஷத்துல கரையேறி குதிக்குது பாருங்க, "அழிஞ்சுபோச்சு"ன்னு சொன்னவங்க எங்கன்னு மச்சான் கேக்கறான். நான் ஜூன்ல சொன்னத அவன் இப்ப எனக்கே சொல்றான். அவனுக்குப் பதில் எழுத கை வரல. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கையளவு மீன்கூட இல்ல அதுல.

8 பிப்ரவரி 2025

பரண்லேர்ந்து நோட்ட எறக்கினேன். ஜூன்ல பெருமையா எழுதினேன்ல, கொறஞ்ச அடையாளமே இல்லன்னு. முன்பக்கத்துலேர்ந்து பாத்தா அப்படித்தான் இருக்கு, 2011, 12, 13, ஒவ்வொரு நாளும் பாக்ஸ் கணக்கு, லாரி நம்பர், ஐஸ் எத்தன பார்.

நோட்ட திருப்பிப் போட்டு பின்பக்கத்துலேர்ந்து நானே வேற கணக்கு எழுதியிருக்கேன், எனக்கே மறந்துபோச்சு. தலைப்பு "பொடி". தீவனத்துக்குப் போனது. ஏஜென்ட் அத தனியா எழுதச் சொன்னாரு, ஏன்னா அது பாக்ஸ் இல்ல, ஐஸ் இல்ல, சும்மா லாரில கொட்டி மண்வெட்டியால தள்றது. மீன் கணக்குல அது சேராது, அதனால என் மண்டையிலயும் மீன் கணக்குல சேரல. 2011ல பின்பக்கம் ஒண்ணர பக்கம். 2013ல நாலு பக்கம். 2015 நோட்டுல முன்பக்கக் கணக்கும் பின்பக்கக் கணக்கும் நடுவுல வந்து முட்டிக்கிட்டு, எடம் பத்தாம ஓரத்துல எழுதியிருக்கேன்.

நாகர்கோவில் தம்பி, ரெண்டு வருஷத்துல திரும்பிடும்னு நீங்க சொன்னது இப்பவும் தப்புதான், மழயும் கடலும் மனசு வெச்சாத்தான் வரும். ஆனா அது மனசு வெச்சு அனுப்பின குஞ்சத்தான் நான் பின்பக்கத்துல எழுதிட்டு இருந்துருக்கேன். ஜூன் 17 அன்னிக்கு எழுதினதுல "ஒரு அடையாளமும் கெடையாது"ங்கற வரிய மட்டும் அடிச்சுடுங்க.

9 பிப்ரவரி 2025

நோட்ட போட்டோ எடுத்துப் போடச் சொல்றீங்க. முன்பக்கம் எடுக்கலாம். பின்பக்கம் கஷ்டம், தீவன லாரி பக்கத்துல நின்னு எழுதினதால மீன் எண்ணெய் ஊறி ஏழெட்டுத் தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா கிழியுது. பத்து வருஷம் ஆச்சு, இன்னும் வாசம் போகல, வீட்டுக்காரி வாசல் திண்ணைல வெச்சுட்டா. காலைல பாத்தா பூனை அதுமேல படுத்துருக்கு.